விழுந்த ஆளியும் எழுந்த வினாவும்

மின்சாரம் கண்ணுக்குப் புலனாகாத ஒரு பொருள். அதன் வரவையும் மறைவையும் அறிகின்றோமேயன்றி அதன் போக்கினை நாம் அறிவதில்லை. ஆளியை அழுத்தினால் விளக்கு எரிகின்றது; எரியாவிடின் மின்வேலை தெரிந்தவரை அழைக்கின்றோம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பெருநிலத்தை விஞ்ஞான பீடத்தாருக்கும் பொறியியற் பீடத்தாருக்கும் உரியதென்று கலைப்பீடத்தைச் சேர்ந்த நாம் எழுதிக் கொடுத்துவிட்டோம் எனலாம். அந்நிலத்தில் சிறிது தூரம் நடந்து பார்க்க நேர்ந்த அனுபவத்தையே இக்கட்டுரையிற் கூற முனைகின்றேன்.

உடுப்பு உலர்த்தும் இயந்திரம் ஒன்று, இயக்கிய போதெல்லாம் எங்கள் வீட்டின் மின்சாரம் முழுவதையும் நிறுத்திவிட்டது. விடயம் சிறிது. ஆயினும் அதனை ஒட்டி எழுந்த வினா சிறிதன்று. எச்சரிக்கை செய்யும் ஒன்று நமக்கு இடையூறாக அமையும்போது, அவ்வெச்சரிக்கையை அகற்றிவிட்டு நம் காரியத்தைப் பார்ப்பதா, அல்லது அது சுட்டும் குறையைத் தேடிச் செல்வதா? இவ்வினாவுக்கு ஏட்டில் விடை எழுதுவது எளிது. ஈரமான படுக்கை விரிப்பைக் கையில் ஏந்தி நிற்கும் தாயின் முன்னே விடை கூறுவது அத்துணை எளிதன்று.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் ஏ-35 வீதியில், தருமபுரத்தைக் கடந்து புதுக்குடியிருப்பை நோக்கிச் செல்கையில் வரும் ஊர் விசுவமடு. காடு வெட்டிக் களனியாக்கிய குடியேற்ற ஊர். 1970களில் மிளகாய், வெங்காயம் ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில், இளைஞர் குடியேற்றத் திட்டத்தின் கீழ் வந்த பலர் இம்மண்ணில் அவற்றைப் பயிரிட்டு வாழ்வு கண்டனர். அவர்களுள் என் அம்மப்பாவும் ஒருவர். கிணற்று நீரை மேலேற்றியது மண்ணெண்ணெயில் ஓடிய இயந்திரம். இரவில் எரிந்தது அதே மண்ணெண்ணெய் விளக்கு.

இலங்கையின் நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 இல் எடுத்துரைத்தார். இலக்சபான நீர்மின் நிலையம் 1950 இல் இயங்கத் தொடங்கியது. இலங்கை மின்சார சபை 1969 இல் நிறுவப்பட்டது. இவை பாடநூலில் வரும் ஆண்டுகள். வன்னியின் உட்புறத்துக்கு இவ்வாண்டுகள் வேறோர் உலகத்தின் ஆண்டுகளாகவே இருந்தன. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் எரிபொருளும் மின்கலமும் கூடத் தடை செய்யப்பட்டன. அக்காலத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவில் வரும் சிறு மின்னோட்டத்தைக் கொண்டு வானொலிச் செய்தி கேட்டதாக என் தாயார் கூறுவார். செய்தி முடியும்வரை ஒருவர் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றுபவரின் கை தளர்ந்தால் அறிவிப்பாளரின் குரலும் தளரும். மின்சாரம் என்பது உழைப்பின் மறு வடிவம் என்பதை இதனிலும் தெளிவாக எந்தப் பாடநூலும் விளக்கப் போவதில்லை.

2009 தை மாதத்தில் நாங்கள் விசுவமடுவை விட்டுக் கிழக்கு நோக்கிப் புறப்பட்டபோது எனக்கு வயது ஆறு. அந்த ஆண்டின் பிற்பகுதி செட்டிகுளத்து முகாமிற் கழிந்தது. மீளக் குடியமர்ந்து, தறப்பாளின் கீழ் இருந்து, பின்னர் வீட்டுத்திட்டத்தில் வீடும் கட்டி முடித்து, 2013 இல் எங்கள் வீட்டுக்கு மின் இணைப்புக் கிடைத்தது. முதல் விளக்கு எரிந்த அன்று அம்மம்மா சுவாமிப் படத்துக்கு முன்னால் வைத்திருந்த எண்ணெய் விளக்கையும் அணைக்காமலே விட்டார். இது நிலைக்குமோ என்ற ஐயம் அவருக்கு இறுதிவரை நீங்கியதில்லை.

உலர்த்தி எங்கள் வீட்டுக்கு வந்த கதையையும் கூற வேண்டும். என் பெரிய மாமா முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இலண்டனில் வாழ்பவர். வேலையினின்று ஓய்வு பெற்று, சிறியதொரு வீட்டுக்குக் குடிபோனபோது, தமக்குத் தேவைப்படாத பொருள்களைக் கப்பலில் எங்களுக்கு அனுப்பினார். அவற்றுள் இந்த இயந்திரமும் ஒன்று. இங்கிலாந்தின் வீட்டு மின்சாரமும் நமது வீட்டு மின்சாரமும் ஒரே தன்மையன: 230 வோல்ற்று, செக்கனுக்கு 50 சுற்று. மூன்று சதுர முனைகளைக் கொண்ட 13 அம்பியர்ப் பிளக்கும் இரு நாட்டுக்கும் பொது. ஆகையால் இயந்திரத்தை நேரே சுவரிற் செருகலாம். ஆனாற் செருகுவதற்கு எவரும் அவசரப்படவில்லை. வெயில் காயும் ஊரில் உடுப்பு உலர்த்த இயந்திரம் எதற்கு என்று சிரித்துவிட்டு, 2024 புரட்டாதியில் அதனைப் பின் கொட்டிலிலே தறப்பாளால் மூடி வைத்தோம்.

கார்த்திகையில் வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொண்டுவந்தது. அவ்வாண்டுக் கார்த்திகை மழை வடக்கையும் கிழக்கையும் வெள்ளத்தில் ஆழ்த்தியதைப் பலரும் மறந்திரார். அதே கிழமையில் அம்மம்மா பாரிசவாதத்தால் விழுந்தார். வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அவரது வலப்பக்கம் இயங்கவில்லை. படுக்கையிலேயே எல்லாம். நாளொன்றுக்கு நான்கு விரிப்பு, ஐந்து விரிப்பு நனையும். தோய்க்கலாம், காயவைக்க இடமில்லை. தாழ்வாரத்திலும் அறைக்குள்ளும் அடுப்பைச் சுற்றியும் கயிறு கட்டித் தொங்கவிட்டும் மூன்று நாளாகியும் ஈரம் போகவில்லை. அடுப்படியில் உலர்ந்தவற்றிற் புகை நாறியது. ஈர விரிப்பிற் கிடப்பவரின் முதுகுத் தோல் விரைவிற் புண்ணாகும். படுக்கைப் புண் தோன்றினால் அந்த வயதில் ஆறுவது அரிது. விடுமுறையில் நான் வீடு சென்றபோது அம்மாவின் கண்கள் உறக்கமின்றிச் சிவந்திருந்தன. கொட்டிலிற் கிடந்த இயந்திரம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அதன் அமைப்பு எளியது. ஒரு பெரிய உருளை. அதைச் சுழற்றும் மோட்டர். காற்றை இழுக்கும் விசிறி. அக்காற்றைச் சூடாக்கும் சூடாக்கி. சூடான காற்று உருளைக்குட் புகுந்து ஈரத்தை ஏந்திக்கொண்டு பின்புறக் குழாய் வழியே வெளியேறும். அதன் ஆற்றல் 2,500 உவாற்று. ஏறத்தாழ 11 அம்பியர் மின்னோட்டத்தைப் பெறுவது. விரிப்புகளை இட்டுக் கதவை மூடி இயக்கினோம். உருளை ஒரு சுற்றுச் சுற்றியது. சுவரிலிருந்து ‘டக்’ என்று ஓர் ஒலி. வீடு முழுவதும் இருண்டது.

அவ்விருளில் அம்மம்மாவின் அறையிலிருந்து குரல் கேட்டது: “பாக்கை எடுத்திட்டியளோ?”

வன்னியில் இருந்தோர்க்கு இவ்வினாவை விளக்க வேண்டியதில்லை. ஏனையோர்க்காகக் கூறுகின்றேன். பிறப்பத்தாட்சி, காணி உறுதி, வங்கிப் புத்தகம், இரண்டொரு நகை ஆகியவற்றை ஒரு பையில் இட்டு, எந்நேரமும் எடுத்துக்கொண்டு ஓடத்தக்கதாக வாசலருகே வைத்திருப்பது அக்கால வழக்கம். திடீரென வரும் இருள் அவருக்கு மின்வெட்டு அன்று, புறப்படுவதற்கான அறிவிப்பு. அம்மா ஓடிச்சென்று அவரது கையைப் பிடித்துக்கொண்டார். நான் சுவருக்குச் சென்று விழுந்திருந்த ஆளியை மேலே தூக்கினேன். ஒளி வந்தது. மீண்டும் இயந்திரத்தை இயக்க, மீண்டும் அதே ஒலி, அதே இருள், அதே குரல்.

மறுநாள் அயலில் மின்வேலை பார்க்கும் அண்ணை ஒருவர் வந்தார். நல்லவர், கூலி கூடக் கேட்கவில்லை. மின்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “உது றிப் சுவிச்சின்ர வேலை. அதைக் கழற்றிப்போட்டு நேர கொழுவிவிடுறன். இல்லாட்டி பிளக்கில எர்த் வயரை வெட்டிவிட்டாலும் சரி. பிறகு விழாது” என்றார். இவ்வாறு பல வீடுகளிற் செய்திருப்பதாகவும் கூறினார். அம்மாவின் முகத்தில் ஆறுதல் தோன்றியது. வேண்டாம் என்று நான் மறுத்தேன். அண்ணை சென்ற பின் அம்மா என்னிடம் கூறியது இன்னும் காதில் நிற்கின்றது: “உனக்கு லீவு முடியப் போயிடுவாய் பிள்ளை. ஈர விரிப்பைக் காயவைக்கிறது நான்தானே.”

அவர் கூற்றில் நியாயம் இருந்தது. கொள்கை பேசுபவர் ஒருவராகவும் அதன் சுமையைத் தாங்குபவர் வேறொருவராகவும் இருக்கும் நிலை நம் சமுதாயத்திற் புதிதன்று. ஆகவே நான் வாதிடவில்லை. நான்கு நாள் தவணை மட்டும் கேட்டேன். “சரி, நாலு நாள்” என்றார். யாழ்ப்பாணத்திலே தொழில்நுட்பக் கல்வி நிலையமொன்றில் மின்னியல் பயிலும் என் ஒன்றுவிட்ட தம்பியை அழைத்தேன். அவன் பல்மானி ஒன்றையும் திருகாணிச் செலுத்தி ஒன்றையும் பையில் இட்டுக்கொண்டு மறுநாட் காலைப் பேருந்தில் வந்து சேர்ந்தான்.

றிப் சுவிச் என்று நாம் அழைக்கும் அக்கருவி செய்யும் பணியை அவன் எனக்கு முதலில் விளக்கினான். வீட்டுக்குள் வரும் மின்னோட்டம் உயிர்க்கம்பி வழியே வந்து நொதுமற் கம்பி வழியே திரும்புகின்றது. வந்த அளவும் திரும்பும் அளவும் சமமாயிருத்தல் வேண்டும். அவ்விரு கம்பிகளும் றிப் சுவிச்சினுள் ஒரு வளைய வடிவான இரும்பகணியினூடே செல்கின்றன. அளவுகள் சமமாயின் அவற்றின் காந்த விளைவுகள் ஒன்றையொன்று அழித்துவிடும். சிறிதளவு மின்னோட்டம் வேறு வழியே, அதாவது இயந்திரத்தின் உலோக உடல் வழியாகவோ மனித உடல் வழியாகவோ, நிலத்துக்குச் சென்றுவிட்டால் கணக்கு ஒவ்வாது. அவ்வேறுபாடு 30 மில்லியம்பியரை எட்டுமுன்பே ஆளி விழுந்துவிடும். அதற்கு எடுக்கும் நேரம் ஒரு செக்கனின் பத்தில் மூன்று பங்குக்கு உட்பட்டது. வரவு செலவு ஒவ்வாதவிடத்துக் கணக்கேட்டை மூடிவிட்டு எழுந்து நிற்கும் நேர்மையான கணக்கப்பிள்ளை என்று அதனைக் கூறலாம்.

30 மில்லியம்பியர் என்பது எத்துணைச் சிறிது! 60 உவாற்று மின்குமிழ் ஒன்று பெறும் மின்னோட்டத்தில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. ஆயினும் மனித இதயத்துக்கு அது சிறிதன்று. ஒரு மில்லியம்பியர் அளவில் விரல் கூசும். பத்தைத் தாண்டினால் தசைகள் இறுகி, பிடித்த பொருளை விட முடியாது போகலாம். முப்பதைத் தாண்டிச் சில கணங்கள் நீடிப்பின் இதயத்தின் ஒழுங்கு குலையக்கூடும். மின்பெட்டியிலுள்ள ஏனைய சிறு சுற்றுடைப்பான்களோ பல அம்பியர் மிகையாகப் பாயும்போதுதான் விழுவன. அவை கம்பியைத் தீயிலிருந்து காப்பவை. மனிதரைக் காப்பவை அல்ல. மனிதரைக் காப்பது றிப் சுவிச் ஒன்றே.

இக்கருவியின் வரலாறும் மனித உயிரை ஒட்டியே வளர்ந்தது. தென்னாபிரிக்காவின் தங்கச் சுரங்கங்களிலே மின்தாக்கத்தைத் தடுக்க வழி தேடிய ஹென்றி ரூபின் என்ற பொறியியலாளர் 1950களின் நடுப்பகுதியில் இவ்வகைக் கருவியை உருவாக்கினார். மின்னோட்டம் மனித உடலை எவ்வாறு தாக்குகின்றது என்பதைப் பல்லாண்டு ஆராய்ந்த கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்ள்ஸ் டல்சீல் 1961 இல் அமெரிக்காவுக்கு ஏற்ற கருவியொன்றை வடிவமைத்தார். எத்தனையோ பேரின் இறப்பும் எத்தனையோ ஆண்டுகளின் ஆராய்ச்சியும் அந்தச் சிறு ஆளியினுள் அடங்கியுள்ளன. அதனைக் கழற்றி எறிய ஒரு திருகாணிச் செலுத்தியும் இரண்டு நிமிடமும் போதும்.

இனித் தேடலுக்கு வருகின்றேன். “முதலில எது விழுந்தது எண்டு பாருங்கோ அக்கா” என்றான் தம்பி. விழுந்தது றிப் சுவிச். சிறு சுற்றுடைப்பான்கள் எவையும் விழவில்லை. ஆகவே குறை மிகைச்சுமை அன்று, கசிவு. இந்த ஒரு நோக்கிலேயே சந்தேகத்தின் பாதி நீங்கியது.

அடுத்து, குறை வீட்டிலா இயந்திரத்திலா என்பது. குளிர்சாதனப் பெட்டி, நீரிறைக்கும் மோட்டர், தொலைக்காட்சி என வீட்டிலுள்ள ஒவ்வொன்றும் தன் பங்குக்குச் சிறிதளவு கசிவை உடையதாய் இருக்கும். அவை எல்லாம் சேர்ந்து எல்லையை அண்மித்து நிற்கும்போது புதிதாக வந்த ஒன்று பழியை ஏற்கவும் கூடும். மேலும், சிறு சுற்றுடைப்பானை மட்டும் நிறுத்தினால் உயிர்க்கம்பியே துண்டிக்கப்படுகின்றது. நொதுமற் கம்பி இணைந்தே இருக்கும். ஆதலின் எல்லாப் பிளக்குகளையும் கழற்றினோம். உலர்த்தியை மட்டும் இயக்கினோம். ஆளி விழுந்தது. அதே இடத்தில் மின்கேத்தலைச் செருகினோம். பிறகு மின்னழுத்தியைச் செருகினோம். விழவில்லை. வீடு குற்றமற்றது என்று அப்போதைக்கு முடிவு செய்தோம்.

மூன்றாவது, இயந்திரத்தில் எப்பகுதி என்பது. அதன் முகப்பில் வெப்பமின்றி வெறுங் காற்றை மட்டும் செலுத்தும் நிலையொன்று உண்டு. அந்நிலையில் இயக்கினோம். உருளை சுழன்றது, விசிறி சுழன்றது, ஐந்து நிமிடமாகியும் ஆளி விழவில்லை. வெப்ப நிலைக்குத் திருப்பிய கணமே விழுந்தது. மோட்டர் விடுதலை பெற்றது. எஞ்சியது சூடாக்கி.

ஒவ்வொரு படியிலும் ஒரு வினா. ஒவ்வொரு வினாவுக்கும் ஆம், இல்லை என்ற இரண்டே விடைகள். ஒவ்வொரு விடையும் சந்தேகத்தின் எல்லையைச் சுருக்கியது. ஏட்டுச் சுவடிகளின் பாடபேதங்களை ஒப்பிட்டு, எப்பிரதியிற் பிழை புகுந்தது, அது எப்பிரதிக்குப் பரவியது என்று காணும் பதிப்பாசிரியரின் முறைக்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை. மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவனுக்கு வகுக்கும் ஒழுங்கும் இத்தகையதே. காரணம் அறியாத சிகிச்சையை அவர் சிகிச்சையாகக் கொள்ளவில்லை. பீடங்களுக்கிடையே நாம் எழுப்பியுள்ள சுவர்கள் பாடப்பொருளைப் பிரிக்கலாம்; ஆராயும் முறையைப் பிரிக்கமாட்டா.

பிளக்கைக் கழற்றித் தன் கண்முன்னே மேசையில் வைத்துக்கொண்ட பின்னரே தம்பி பின்தகட்டைத் திறந்தான். உள்ளே இலண்டன் உடுப்புகளின் பஞ்சு சாம்பல் நிறத்திற் படிந்திருந்தது. மூலையில் எங்கள் ஊர்க் குளவி கட்டிய மண்கூடு ஒன்றும் இருந்தது. அவற்றைத் துடைத்தான். சூடாக்கியின் கம்பிகளைக் கழற்றி, அதன் முனைக்கும் உலோக உறைக்கும் இடையிலுள்ள தடையைப் பல்மானியால் அளந்தான். அது பல இலட்சம் ஓமாக இருத்தல் வேண்டும். பல்மானி காட்டியது ஏறத்தாழ 5,000 ஓம். 230 வோல்ற்றை அதனாற் பிரித்தால் 46 மில்லியம்பியர். ஆளி ஏன் விழுந்தது என்பதற்கான விடை ஒரு வகுத்தற் கணக்கிற் கிடைத்துவிட்டது.

காரணம் சுவையானது. இவ்வகைச் சூடாக்கியில் நிக்குரோம் கம்பிச் சுருள் ஓர் உலோகக் குழாயின் நடுவே அமைந்திருக்கும். கம்பி குழாயைத் தொடாதிருக்க, மக்னீசியம் ஒட்சைட்டுத் தூள் இறுகத் திணிக்கப்பட்டிருக்கும். அத்தூள் வெப்பத்தைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. முனைகளை மூடிய அடைப்பு முதுமையால் வெடிக்குமாயின், இயந்திரம் நெடுங்காலம் இயங்காதிருக்கும்போது காற்றின் ஈரம் உள்ளே புகுந்துவிடும். கப்பற் பயணத்தின் கடற்காற்று, அதன்மேற் கொட்டிலிற் கழிந்த மழைக்காலம். ஈரத்தைப் போக்க வந்த இயந்திரம் தானே ஈரத்தால் நோயுற்றிருந்தது. உலர்த்தியை முதலில் உலர்த்த வேண்டியிருந்தது.

புதிய சூடாக்கி வாங்கலாம். கொழும்பில் விசாரித்ததில் அவ்வகை இல்லை. இலண்டனிலிருந்து வருவிக்க வாரங்கள் ஆகும் என்றனர். சூடாக்கியைக் கழற்றிச் சில மணிநேரம் மிதமான வெப்பத்தில் வைத்தால் ஈரம் வெளியேறலாம் என்றான் தம்பி. வெயிலோ இல்லை. அப்போது அம்மாதான் வழி கூறினார்: “பேக்கரிப் போறணையிலை வைச்சால் என்ன?”

ஊர் வெதுப்பகத்தார் முதலிற் சிரித்தனர், பிறகு இசைந்தனர். விடியற்காலையிற் பாண் இறக்கிய பின்னும் விறகுப் போறணையின் சூடு மதியம்வரை தங்கியிருக்கும். ஒரு துண்டுத் தாளை உள்ளே வைத்துப் பார்த்து, அது கருகாத அளவுக்குச் சூடு தணிந்த பிறகு, சூடாக்கியைத் தட்டில் வைத்து உள்ளே தள்ளினோம். மாலை நான்கு மணிக்கு எடுத்து, ஆறவிட்டு அளந்தோம். தடை இரண்டு மெகா ஓமைத் தாண்டியிருந்தது. கசிவு ஒரு மில்லியம்பியரின் பத்தில் ஒரு பங்களவுக்குக் குறைந்துவிட்டது. வெப்பந் தாங்கும் பசையால் முனைகளை மீண்டும் அடைத்தோம்.

இயந்திரத்தைப் பூட்டுமுன் தம்பி வீட்டுக்குப் பின்னால் நிலத்திற் பதித்த புவிக்கம்பியையும் பார்க்க விரும்பினான். இங்கேதான் நாங்கள் எதிர்பாராத ஒன்று வெளிப்பட்டது. நிலத்துட் செல்லும் கோலையும் கம்பியையும் இணைக்கும் பிடி துருவேறித் தளர்ந்து கிடந்தது. கையால் அசைத்தால் அசைந்தது. சில மில்லியம்பியர் கசிவதற்கு அத்தொடுப்புப் போதும். ஆகவே றிப் சுவிச் விழுந்தது. ஆனால் றிப் சுவிச் அகற்றப்பட்டிருக்குமாயின், குறை முற்றிய ஒரு நாளில் இயந்திரத்தின் உலோக உடலிலே ஏறும் மின்சாரத்தை நிலத்துக்கு இறக்கிவிட அது போதாது. மழையில் நனைந்த சீமெந்துத் தரை; வெறுங்கால்; ஈர விரிப்பைத் தாங்கிய கை. அந்தக் கை யாருடையதாக இருந்திருக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. அம்மா அந்தப் பிடியை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் கூறவில்லை. தம்பி புதிய பிடி போட்டு இறுக்கினான்.

நான்காம் நாள் மாலை உலர்த்தி இயங்கியது. ஆளி விழவில்லை. முக்கால் மணிநேரத்தில் விரிப்புகள் வெதுவெதுப்பாக வெளிவந்தன. அம்மா ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அம்மம்மாவுக்கு விரித்தார். இயந்திரத்தைக் கொட்டிலிலிருந்து வீட்டுக்குள் எடுத்து, கல் வைத்து உயர்த்தி, மழைக்காலத்தில் தேவையில்லாவிடினும் கிழமைக்கு ஒருமுறை இயக்குவதென முடிவு செய்தோம். அம்மம்மா 2025 பங்குனியிற் காலமானார். அதுவரை அவர் முதுகிற் புண் தோன்றவில்லை.

2025 மாசி 9 ஆம் திகதி ஞாயிறு முற்பகல் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உப மின்நிலையத்திற் குரங்கொன்று மின்மாற்றியிற் பட்டதே காரணம் என்று அமைச்சர் கூறியதைக் கேட்டு நாடே சிரித்தது. அன்றும் ஒரு சமநிலை குலைந்தது. அதனை ஒட்டி மின்நிலையங்கள் தம்மைத் தாமே நிறுத்திக்கொண்டன. நாம் இருளைக் கண்டோம். அவ்விருளால் அழிவிலிருந்து தப்பிய இயந்திரங்களைக் காணவில்லை. காப்புக் கருவிகளின் தலைவிதி இதுவே. அவை தடுத்த தீங்கு எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. அவை தந்த இடையூறு எல்லார்க்கும் தெரிகின்றது. ஆதலினாலேயே அவற்றுக்கு நண்பர் குறைவு. நிறுவனங்களிலும் சங்கங்களிலும், ஏன், நம் குடும்பங்களிலும் கூட, கணக்கு ஒவ்வவில்லை என்று எழுந்து கூறுபவருக்கு நேர்வதும் இதுவே. அவரை நீக்கிவிட்டால் அமைதி திரும்பும். கசிவு நிற்காது.

எனினும், அயலிலுள்ள அந்த அண்ணையைப் பழிப்பது என் நோக்கமன்று. நெடுங்காலம் கையிற் கிடைத்ததைக் கொண்டு வாழ்வை ஓட்டிய மக்களுக்கு, எப்படியாவது ஓடச்செய்தல் என்பதே தொழில் அறமாக இருந்தது. மண்ணெண்ணெயில் மோட்டார்ச் சைக்கிளை ஓடவைத்த கைகள் அவை. அத்திறமை இல்லாதிருப்பின் நம்மிற் பலர் இன்று இல்லை. போறணையிற் சூடாக்கியை வைக்கலாம் என்ற எண்ணமும் அதே மரபில் வந்ததுதான். இல்லாததை ஈடுசெய்யும் அத்திறமை, உள்ள காப்பை அகற்றுவதற்குப் பயன்படக் கூடாது என்பதே நான் வேண்டுவது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள கோடு மெல்லியது. அதனை நாம் ஒவ்வொருவரும் நம் வீட்டுச் சுவரருகே நின்று தீர்மானிக்க வேண்டியுள்ளது.

இதழைக் கையிற் கொண்டிருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் விடுதி அறைகளில் ஒரே செருகியில் மூன்று கேத்தல்கள் தொங்குவதையும், றிப் சுவிச் விழுந்தால் அதனை மீண்டும் மீண்டும் தூக்கிவிட்டு நீர் கொதிக்க வைப்பதையும் நான் கண்டிருக்கின்றேன். அடுத்த முறை அது விழும்போது உடனே தூக்காதீர்கள். எது இயங்கியபோது விழுந்தது என்று கேளுங்கள். எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். குற்றவாளி அகப்பட்டதும் அதனை ஒதுக்கிவையுங்கள். மின்வேலை அறிந்தவர் பார்க்கும்வரை அதனைத் திறக்க வேண்டாம். றிப் சுவிச்சின் முகப்பில் ‘ரி’ என்ற ஆங்கில எழுத்துப் பொறித்த சிறு பொத்தான் ஒன்று உண்டு. அதனை அழுத்தினால் ஆளி விழ வேண்டும். விழாவிடின் அந்த வீட்டில் எவருக்கும் காப்பில்லை. மாதத்துக்கு ஒருமுறை அழுத்திப் பார்த்தல் நன்று. மாதம் மறந்துபோகும் என்போர்க்கு என் தாயார் கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு. அவர் ஒவ்வொரு போயா தினத்திலும் காலைத் தேநீருக்கு முன் அப்பொத்தானை அழுத்துகின்றார். வீடு ஒரு கணம் இருள்கின்றது. ஆளியைத் தாமே தூக்கிவிட்டு, அடுப்படிக்குச் செல்கின்றார்.